எந்த வாசலில் போய்க் கேட்பது என்று உங்களுக்குச் சொன்னவர் யார்?

நன்னிலம் பக்கத்திலிருந்து:

போன வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அடைமழை. 108-க்குப் போன் செய்தோம். வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி வராது என்பதால், அப்பாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பாலம் வரை நடந்தோம். திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விடியும் வரை கூடவே இருந்து பார்த்தார்கள். அப்பா கண் திறந்து பேசினார். அப்புறம் டாக்டர், "ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கும்போல் தெரிகிறது, ஆஞ்சியோ பார்க்கணும், தஞ்சாவூருக்கு எழுதித் தருகிறேன்" என்றார்.

அதற்குள் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சித்தப்பா ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போன் போட்டுக் கேட்டார். முதலில் ஒன்றரை லட்சம் கட்டினால்தான் சேர்ப்பார்களாம். அம்மா வளையலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் மாற்றுத் துணி எடுப்பதற்காக வீட்டுக்கு வந்தேன். வரும் வழியெல்லாம் எந்த நகையை வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

வாசலில் மக்களைத் தேடி மருத்துவம் அக்கா நின்றுகொண்டிருந்தார். அம்மாவுக்கு சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை கொண்டுவந்து தருகிறவர். நான் அழுததைப் பார்த்துவிட்டு, "காப்பீட்டு அட்டை எடுத்திருக்கீங்கள்ல?" என்று கேட்டார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை. எப்போதோ ஒரு முகாமில் குடும்பத்தோடு போய் போட்டோ எடுத்த நினைவு இருந்தது. அட்டை பரண் மேல் இருக்கிறதா, வெள்ளையடித்தபோது போய்விட்டதா தெரியவில்லை.

"அட்டை இல்லேன்னா பரவாயில்லை அக்கா. ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்குங்க. கலெக்டர் ஆபீஸ்ல அதுக்குன்னே ஒரு அறை இருக்கு. ரேஷன் கார்டு நம்பரை வச்சே பழைய நம்பரை எடுத்துடுவாங்க. நகையை எங்கேயும் கொண்டுபோகாதீங்க."

அவர் சொன்ன மாதிரியே நடந்தது. கலெக்டர் அலுவலகத்தில் வரிசையில் நின்றதோடு சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எண் கிடைத்துவிட்டது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவு என்று தனியாக இருக்கிறது. தாளைக் கொடுத்தோம், மறுநாள் அனுமதி வந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். சிகிச்சைக்கென்று நாங்கள் ஒரு ரூபாய் கட்டவில்லை. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை இந்தத் திட்டத்தில் வரும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அட்டையே எடுக்காதவர்கள் வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் கொண்டுபோய்ப் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். இதைத் தயவுசெய்து உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். அலுவலகங்கள் எல்லாம் இருக்கின்றன. பலகையும் மாட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே போய் நிற்க வேண்டும் என்று சொன்னவர் எங்கள் தெருவுக்கு மாத்திரைப் பையோடு வருகிற ஒரு பெண். அதனால் திட்டங்களின் பெயரைப் பட்டியல் போட வேண்டாம். உங்களுக்கு வழி சொன்னவர் யார், கையில் என்ன காகிதம் இருந்தது, எங்கே நின்றீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து, ஒரு விவசாயி:

எனக்குச் சொன்னவர் எங்கள் ஊர் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர். நான் மூன்று ஏக்கர் குத்தகைக்குச் செய்கிறேன். நிலம் ஒரு மடத்துக்குச் சொந்தம். பட்டா என் பேரில் இல்லாததால் பயிர்க் காப்பீடு நமக்கு இல்லை என்றே பத்து வருஷம் இருந்துவிட்டேன். உரம் வாங்கப் போன இடத்தில் அவர்தான், "சாகுபடி செய்கிறவர் நீங்கதானே? விஏஓகிட்ட உங்க பேருக்கு அடங்கல் வாங்கிட்டு வாங்க, கட்டிடலாம்" என்றார். விஏஓ என்றால் கிராம நிர்வாக அலுவலர். அடங்கல் என்பது எந்த நிலத்தில் யார் என்ன சாகுபடி செய்கிறார் என்று அவர் எழுதித் தருகிற கணக்கு.

சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். மீதியை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. எங்கள் பக்கம் சம்பாவுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அந்த வாரத்தில் போனால் விஏஓவையும் பிடிக்க முடியாது, கணினியும் சுற்றிக்கொண்டே நிற்கும். தீபாவளிக்கு முன்னாலேயே அடங்கலை வாங்கி வைத்துவிட வேண்டும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் படியுங்கள். ரசீதை வாங்கியவுடனே அங்கேயே நின்று ஊர்ப் பேரையும் சர்வே எண்ணையும் சரிபாருங்கள். நெல்லுக்கு இழப்பீடு கணக்குப் போடுவது வருவாய்க் கிராமத்தை வைத்து. உங்கள் ஒரு வயலின் மகசூலை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. ஊரில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுவடைப் பரிசோதனை செய்வார்கள், அதில் வருகிற மகசூல்தான் கணக்கு. என் மச்சினருக்கு ஒரு கணினி மையத்தில் பக்கத்துக் கிராமத்தின் பேரைத் தட்டிவிட்டார்கள். அந்த வருஷம் எங்கள் ஊருக்கு இழப்பீடு வந்தது, பக்கத்து ஊருக்கு வரவில்லை. பணம் கட்டியும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அழுகிய பயிரைப் பார்த்ததைவிட அந்த ரசீதைப் பார்த்துத்தான் அவர் அதிகம் உடைந்துபோனார்.

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நஞ்சையில் 2.5 ஏக்கர், புஞ்சையில் 5 ஏக்கர் வரை வைத்திருப்பவர்களோடு, நிலமே இல்லாத விவசாயக் கூலிகளும் பதியலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. வயலில் விபத்து நடந்தால் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. விஏஓவிடம் கேளுங்கள்.

நாகப்பட்டினம், மீனவர் குடியிருப்பு:

எங்களுக்கு எல்லாமே மீனவப் பெண்கள் கூட்டுறவுச் சங்கம்தான். சேமிப்புத் திட்டத்தில் நாங்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசாங்கம் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தருகிறது. மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாதபோது அடுப்பு எரிய அதுதான். புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த பெண்கள் பிறந்த ஊர்ச் சங்கத்திலேயே பேரை விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் கேட்டால் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து, ஒரு தாய்:

படித்துக்கொண்டே வந்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் இரண்டாவது பையனுக்கு மூளை முடக்குவாதம். பிறந்தபோது அழவில்லை. கழுத்து நிற்க இரண்டு வயது ஆனது. ஐந்து வயது வரை கோயில், வைத்தியர், மறுபடியும் கோயில் என்று தூக்கிக்கொண்டு திரிந்தேன். வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னார். ஒரு முறைக்கு முந்நூறு ரூபாய், பஸ் செலவு தனி. மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டோம்.

மூத்தவளைப் பள்ளியில் விடப் போனபோது இவன் என் இடுப்பில் இருந்தான். தலைமை ஆசிரியை கூப்பிட்டு, "இவனை எங்கே சேர்த்திருக்கே?" என்று கேட்டார். இவனுக்கெல்லாம் ஏது டீச்சர் பள்ளிக்கூடம் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரு நோட்டில் வட்டார வள மையம் என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "எல்லா ஒன்றியத்திலும் இருக்கும்மா. பிறந்த குழந்தையிலேருந்து 18 வயசு வரைக்கும் பார்ப்பாங்க. காசு கிடையாது" என்றார்.

அங்கே சிறப்பாசிரியரும் இருக்கிறார், பிசியோதெரபி கொடுக்கிறவரும் இருக்கிறார். வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த சிறப்பாசிரியை, சமையல்கட்டில் இருந்த ஸ்டூலைத் திருப்பிப் போட்டு அதில் அவனை உட்கார வைத்து எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று காட்டினார். காசு செலவாகும் பொருள் எதையும் அவர் வாங்கச் சொன்னதில்லை. மருத்துவ முகாமுக்குத் தேதி சொல்லி அனுப்பியதும் அவர்தான். முகாமில் சதவீதம் போட்டுச் சான்று கொடுத்தார்கள், அதை வைத்து அடையாள அட்டை வந்தது, அட்டையை வைத்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். இப்போது மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அவன் பேரில் வருகிறது.

பணம் பெரிய உதவிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏழு வயதில் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு வயதிலேயே அந்தத் துண்டுக் காகிதம் என் கைக்கு வந்திருந்தால் என்று இன்றைக்கும் ராத்திரிகளில் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தத் தாய் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவள் கேட்கமாட்டாள். நான் கேட்கவில்லை. நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

சுருக்கமாக ஒன்று. அக்காவின் ஜீவனாம்ச வழக்குக்கு வக்கீல் பீஸ் கொடுக்க முடியாமல் இரண்டு வருஷம் வழக்கே போடாமல் இருந்தோம். நீதிமன்ற வாசலில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன்தான், "உள்ளே சட்டப்பணிகள் குழு இருக்கு, அங்கே போய் ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்றார். பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை, இலவசமாகவே வக்கீல் நியமிக்கிறார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

சீர்காழி பக்கத்திலிருந்து:

எனக்குச் சொல்ல அனுபவம் இல்லை, கேள்விதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 74 வயது. தாத்தா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகன் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறார், வருவதும் இல்லை, அனுப்புவதும் இல்லை. இ-சேவை மையத்தில் ஓஏபிக்கு, அதாவது முதியோர் உதவித்தொகைக்கு, எழுதிப் போட்டேன். மகன் இருக்கிறார் என்று தள்ளுபடி ஆகிவிட்டது. ரேஷன் கார்டில் இன்னும் மகன் பேர் இருக்கிறது. முன்பெல்லாம் மனு கொடுக்க வேண்டுமென்றால் காரைக்காலைத் தாண்டி நாகப்பட்டினம் போக வேண்டும். இப்போது மயிலாடுதுறை தனி மாவட்டமாகிவிட்டதால் கலெக்டர் அலுவலகம் பக்கம்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

நன்னிலம் பக்கத்திலிருந்து:

போகலாம் தம்பி. ஆனால் போவதற்கு முன்னால் மகன் பேரை ரேஷன் கார்டிலிருந்து நீக்கிவிடுங்கள். அது அப்படியே இருந்தால் திங்கட்கிழமை கொடுக்கிற மனுவும் சுற்றிவிட்டு அதே விஏஓ மேசைக்குத்தான் வரும். அவர் கார்டைப் பார்த்து அதையேதான் எழுதுவார். மனு கொடுத்தால் பதிவு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து, ஒரு விவசாயி:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. ஒவ்வொரு வருஷமும் மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, அதாவது ஊர்க் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்குகிற வருவாய்த் தீர்வாயம், நடக்கும். பட்டா விவகாரத்துக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், ஓஏபி மனுவும் வாங்குவார்கள். ஊர்வாரியாக நாள் ஒதுக்குவார்கள். உங்கள் ஊருக்கு உரிய நாளில் விஏஓ கணக்குப் புத்தகங்களோடு அங்கேயே இருப்பார், வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ) இருப்பார், தாசில்தார் இருப்பார், இவர்களுக்கு மேலே உள்ள அதிகாரி நடுவில் உட்கார்ந்திருப்பார். பாட்டியை அவர் முன்னால் நிறுத்தினால் போதும், தனியாக இருக்கிறாரா இல்லையா என்று விஏஓவிடம் அங்கேயே கேட்பார். என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. மூன்று முறை தள்ளுபடி ஆன மனு, இப்போது மாதம் 1,200 வருகிறது.

சீர்காழி பக்கத்திலிருந்து:

ரொம்ப நன்றிண்ணே. எங்கள் ஊருக்கு எந்த நாள் என்று எங்கே பார்ப்பது?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து, ஒரு விவசாயி:

விஏஓவுக்கு உதவியாக இருக்கிற உங்கள் ஊர்த் தலையாரிக்குத் தெரியும். அவரிடம் கேட்கும்போது பாட்டியின் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மகன் வருவதில்லை என்பது அவருக்குத் தெரிந்துதான் இருக்கும், ஆனால் விஏஓவுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.