டர்போ காருக்கு எந்த ஸ்பார்க் பிளக்? மலை ஏறும்போது மட்டும் வெட்டுகிறது, உதவுங்கள்

சேலம்_ஆர்எஸ்
வணக்கம், அவசரமாகக் கேட்கிறேன். போன வாரம் நாலு பிளக்கும் மாற்றினேன், எல்லாமே இரிடியம். டவுனுக்குள் வண்டி அருமையாக ஓடுகிறது. ஏற்காடு ரோட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது, செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிகிறது. சனிக்கிழமை வீட்டில் எல்லோரும் மேலே போகிறோம். டர்போ வண்டிக்கு எந்த பிளக் நல்லது? பெயரை மட்டும் சொல்லுங்கள், வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.

மலைச்சாலை
எந்த வண்டி சார்? எந்த வருடம்? இப்போது போட்டிருக்கும் பிளக்கின் நம்பர் என்ன?

பூஸ்ட்_பிரியன்
காயில்தான் அண்ணா (பிளக்குக்கு ஹை வோல்டேஜ் கொடுப்பது அதுதானே), சந்தேகமே வேண்டாம். லோடு ஏறும்போது வெட்டினால் காயில் போச்சு என்று அர்த்தம். நாலையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

தங்க_டேங்க்
எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இந்த ஈ20 பெட்ரோல் வந்த பிறகுதான். என் நண்பர் வண்டியும் இப்படித்தான். பிளக், காயில் என்று காசைக் கொட்டாமல் முதலில் டேங்கை காலி செய்து வேறு பங்கில் போட்டுப் பாருங்கள்.

பழைய_ஸ்பேனர்
வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறீர்கள். வண்டி பெயர் இல்லை, எரர் கோடு இல்லை, பிளக் நம்பர் இல்லை, ஆனால் பதில் மட்டும் சனிக்கிழமைக்குள் வேண்டும். "டர்போவுக்கு நல்ல பிளக்" என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. அந்த எஞ்சினுக்குச் சரியான பிளக் என்றுதான் உண்டு. ஓனர் மேனுவலைத் திறந்து பார்த்தீர்களா?

சேலம்_ஆர்எஸ்
ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 2005. 1.8 டர்போ, செகண்ட் ஹேண்டில் எடுத்தது. மேனுவல் கூடவே வரவில்லை. பழைய பிளக் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை, கிலோமீட்டர் ஓடிவிட்டதே என்று மாற்றினேன். பார்ட்ஸ் கடையில் "அதே திரெட், அதே நீளம், அப்படியே உட்காரும்" என்று கொடுத்தார்கள். உட்கார்ந்தும் விட்டது.

மலைச்சாலை
நல்ல வண்டி, பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் மூன்று விஷயம் வேண்டும். பெட்டியில் இருக்கும் முழு நம்பர், கடைசி எழுத்து வரைக்கும். ஸ்கேனரில் என்ன கோடு வந்தது? ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றி பவர் கூட்டுவது, ஏதாவது செய்திருக்கிறதா?

சேலம்_ஆர்எஸ்
என்ஜிகே பிகேஆர்6இஐஎக்ஸ்-11. கோடு பி0300, பி0302. ரீமேப் முந்தைய ஓனர் செய்தது, பூஸ்ட் (டர்போ காற்றை அழுத்தும் அளவு) ஒரு பார் பக்கம் போகிறது. அதைச் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

மலைச்சாலை
அந்த "-11"-ஐப் பாருங்கள் சார். விஷயம் அங்கேதான் இருக்கிறது. என்ஜிகே நம்பரில் கடைசியில் வரும் 11 என்பது 1.1 மில்லிமீட்டர் கேப், பொறி தாண்ட வேண்டிய இடைவெளி. பிகேஆர் என்பது 14 மில்லிமீட்டர் திரெட், 16 மில்லிமீட்டர் ஸ்பேனர் அளவு, உள்ளே ரெசிஸ்டர். 6 ஹீட் ரேஞ்ச், பிளக் நுனியின் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற எண். இ என்பது 19 மில்லிமீட்டர் திரெட் நீளம். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, அப்படியே உட்காரும். ஆனால் இந்த எஞ்சினுக்கு கம்பெனி போடும் பிஎஃப்ஆர்6க்யூ பிளக்கின் கேப் 0.8 தான்.

சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ, அந்த இடைவெளியைப் பொறி தாண்ட அவ்வளவு வோல்டேஜ் வேண்டும். இடைவெளி அதிகமானாலும் அதேபோல வோல்டேஜ் கூடும். டவுனில் டர்போ பெரிதாக வேலை செய்வதில்லை, அதனால் 1.1 கேப்பிலும் பொறி தாண்டிவிடுகிறது. ஏற்காடு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் மிதிக்கும்போது பூஸ்ட் முழுதாக ஏறி சிலிண்டர் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. காயிலால் அந்த வோல்டேஜைக் கொடுக்க முடியவில்லை, பொறி வருவதில்லை, பெட்ரோல் எரிவதில்லை, மிஸ்ஃபயர். பி0300 சொல்வது இதைத்தான். ரீமேப் இல்லாவிட்டால் இது இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்காது.

லைட் விட்டு விட்டு எரிந்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். பிளக்கை விட அது பல மடங்கு செலவு.

பூஸ்ட்_பிரியன்
அப்படியென்றால் பி0302 எதற்கு? இரண்டாவது சிலிண்டர் மட்டும் தனியாக வருகிறதே. காயில்தான்.

மலைச்சாலை
இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. நாலில் எந்த காயில் வீக்கோ அங்கேதான் முதலில் தெரியும். வாங்குவதற்கு முன்னால் இரண்டாவது காயிலைக் கழற்றி நாலாவதில் மாட்டிப் பார்க்கட்டும். கோடு பி0304 ஆக மாறினால் நீங்கள் சொல்வது சரி. மாறாவிட்டால் பிளக்.

பிளக்கை வெளியே எடுக்கும்போது வெள்ளைப் பீங்கானையும் பாருங்கள் சார். கீழே உலோகத்தை ஒட்டி வளையம் மாதிரி பழுப்புக் கறை இருந்தால் பயம் வேண்டாம், அது எல்லா பிளக்கிலும் வரும். மேலிருந்து கீழே பென்சிலால் கிழித்த மாதிரி கறுப்புக் கோடு ஓடியிருந்தால், கேப்பைத் தாண்ட முடியாத மின்சாரம் பீங்கானின் வெளிப்பக்கமாக இறங்கியிருக்கிறது. காயிலின் ரப்பர் பூட்டுக்குள்ளும் (பிளக் தலையை மூடும் உறை, boot) அதே கோடு இருக்கும். அப்படி இருந்தால் பூட்டையும் சேர்த்து மாற்றணும், இல்லையென்றால் புது பிளக்கிலும் அதே வழியில்தான் இறங்கும்.

தங்க_டேங்க்
ஈ20 பற்றி ஒருவரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். 2005 வண்டி அதற்காகச் செய்ததா?

கொல்லிமலை_70
அதற்காகச் செய்ததில்லை, ரப்பர் ஹோஸ், சீல் விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. மைலேஜும் குறையும். ஆனால் எத்தனால் ஆக்டேனைக் கூட்டும், நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாகத் தானே வெடிப்பது) குறையத்தான் செய்யும். இவர் பிளக் மாற்றுவதற்கு முந்தைய வாரமும் அதே பெட்ரோலில்தானே ஓட்டினார்?

தங்க_டேங்க்
மைலேஜ் குறைகிறது என்று ஒத்துக்கொண்டதே போதும். காசு கொடுக்கிறவன் நான், பழைய பெட்ரோலும் பங்கில் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பழைய_ஸ்பேனர்
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். பிளக்குக்கு வருவோம். ரீமேப் வண்டிக்கு ஹீட் ரேஞ்ச் 6 போதாது, 7 போட வேண்டும். பிகேஆர்7இ, சாதா நிக்கல் பிளக், கேப் 0.7. இந்த எஞ்சினை ட்யூன் செய்கிறவர்கள் உலகம் முழுக்கப் போடுவது அதுதான். இரிடியம் எல்லாம் பெட்டி பார்த்து வாங்குகிறவர்களுக்கு.

பூஸ்ட்_பிரியன்
நம்பர் கூடினால் ஹாட் பிளக் ஆயிற்றே? டர்போவுக்குச் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் கோல்டுதானே வேண்டும்? எங்கள் மெக்கானிக் அப்படித்தான் சொன்னார்.

பழைய_ஸ்பேனர்
உங்கள் மெக்கானிக் பாஷ் பிளக்கைப் பார்த்துச் சொல்லியிருப்பார். பாஷில் நம்பர் கூடினால் ஹாட். என்ஜிகேயிலும் டென்சோவிலும் நம்பர் கூடினால் கோல்டு. என்ஜிகே 6-க்கு டென்சோவில் 20, 7-க்கு 22. இது தெரியாமல் பிராண்டு மாற்றுகிறவர்கள் பிஸ்டனை ஓட்டை போட்டுக்கொள்வார்கள்.

கொல்லிமலை_70
தகவல் சரி, அதைக் கொஞ்சம் மரியாதையாகவும் சொல்லலாம். அவர் கேட்டது நியாயமான சந்தேகம்.

7 கட்டாயம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 75 முதல் 100 குதிரைசக்தி கூட்டினால் ஒரு படி கோல்டாகப் போ என்பதுதான் பொதுவான கணக்கு. 150-இல் இருந்த எஞ்சின் வெறும் ரீமேப்பில் அந்த அளவு கூடாது. பிளக் நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கரி தானாக எரிந்து சுத்தமாகும், 800 தாண்டினால் நுனியே பெட்ரோலைக் கொளுத்த ஆரம்பிக்கும். தினமும் சேலம் டிராஃபிக்கில் நின்று நின்று போகிற வண்டிக்கு 7 போட்டால் கரி பிடிக்க வாய்ப்பு உண்டு.

பழைய_ஸ்பேனர்
கரி பிடித்தால் பிளக்கைத் துடைக்கலாம். பிஸ்டன் உருகினால் என்ன செய்வீர்கள்?

மலைச்சாலை
ரெண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாராவாரம் மலை ஏறுகிறவர் என்றால் நானும் 7 தான் சொல்வேன். எப்போதாவது என்றால் 6 போதும். எதுவானாலும் கேப் 0.7. நிக்கல் பிளக் 20,000, 30,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டி வரும், ஆனால் விலை குறைவு, கேப் வைக்கவும் சுலபம். இரிடியத்தில் நடு நுனி மெல்லிய ஊசி. நாணயம் மாதிரி வட்டக் கேஜை உள்ளே நுழைத்து நெம்பினால் அது உடைந்துவிடும். வளைக்க வேண்டியது வெளிக் கொம்பை மட்டும், அளக்க ஒயர் கேஜ்.

சேலம்_ஆர்எஸ்
நன்றி. புது பிளக் மாட்டும்போது திரெட்டில் கிரீஸ் ஏதாவது தடவணுமா? ஒருவர் தடவச் சொன்னார்.

பழைய_ஸ்பேனர்
தடவாதீர்கள். என்ஜிகே திரெட்டில் முலாம் உண்டு, தடவ வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். வழுக்கினால் அளவுக்கு மீறி இறுகும், அலுமினிய ஹெட், திரெட் போய்விடும். எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் 30 நியூட்டன் மீட்டர். இல்லையென்றால் கையால் முழுக்கத் திருகி உட்கார்ந்ததும் அரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம்.

பூஸ்ட்_பிரியன்
காயில் மாற்றிப் பார்த்தீர்களா அண்ணா?

தங்க_டேங்க்
ஈ20-க்குத் தனி இழை போட்டிருக்கிறேன், விருப்பம் உள்ளவர்கள் வரலாம்.

சேலம்_ஆர்எஸ்
பிகேஆர்7இ கிடைத்தது, 0.7 வைத்துப் போட்டாச்சு. அதற்கு முன் காயிலை இடம் மாற்றியும் பார்த்தேன், எரர் கோடு இரண்டாவது சிலிண்டரிலேயே நின்றது. இரண்டாவது பிளக்கில் அந்தக் கறுப்புக் கோடு இருந்தது, ரப்பர் பூட்டும் புதிது போட்டேன். 20 வளைவும் முழு லோடில் ஏறினேன், வெட்டவே இல்லை. எல்லோருக்கும் நன்றி, கிளம்புகிறோம்.

கொல்லிமலை_70
சந்தோஷம். ஒரு மாதம் டவுனில் ஓட்டிய பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி நுனியின் நிறத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இளம் பழுப்பா, கரியா?