டயர் வால்வு மூடி கழன்று வராத அனுபவம் உங்களுக்கும் உண்டா?

செம்பூர்வாசி:
பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்க நின்றபோது முன்பக்க இடது டயரின் அலுமினிய மூடி அசையவே இல்லை. அங்கிருந்த இளைஞர் குறடால் பற்றித் திருகினார். மூடியோடு வால்வுத் தண்டும் முறிந்து அவர் கைக்கு வந்துவிட, காற்று சீறிக்கொண்டு வெளியேறி, டயர் என் கண்ணெதிரிலேயே ரிம் வரை சப்பையாகி உட்கார்ந்தது. பழைய வண்டியாக வாங்கியபோதே அந்தப் பளபளப்பான மூடிகள் அதில் இருந்தன. காற்றழுத்த சென்சார் பொருத்திய தண்டு என்பதால் செலவும் கூடுதல். அந்தச் சீற்றம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மாட்டுங்கா அன்பர்:
மூடியின் உலோகத்தைக் குறை சொல்வதைவிட, குறட்டைத்தான் குறை சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக மூடியே வேண்டாம் என்றும் விட முடியாது. என் வண்டியில் ஒரு வால்வுக்கு மூடியே இல்லாமல் மழைக்காலம் முழுதும் ஓடியது; காற்று மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. தொட்டி நீரில் முக்கியும் பஞ்சர் தென்படாமல் போக, கடைக்காரர் விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். ஒரு குமிழி மெதுவாகப் புடைத்தது. வால்வுக்குள் காற்றை அடைத்து நிறுத்தும் ஊசியில் (பின்) சேறு புகுந்திருந்தது.

முலுண்ட் உறுப்பினர்:
மாட்டுங்கா அன்பர் சொல்வது பாதிதான் சரி. குறடு கடைசி அடி. அதற்கு முன்பே உலோகம் தன் வேலையைச் செய்துவிடுகிறது. பித்தளைத் தண்டில் அலுமினிய மூடி இருந்து, கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூத்து மரையை அடைத்துக்கொள்ளும். சென்சார் தண்டுகள் பலவும் அலுமினியம் என்பதால், அவற்றில் பித்தளை மூடி போட்டால் தண்டே அரிபடும். உள்ளே ரப்பர் வாஷர் உள்ள பிளாஸ்டிக் மூடிதான் இரண்டுக்கும் பொருந்தும். விரலால் இறுக்கினாலே போதும். நைட்ரஜன் அடிக்கும் இடத்தில் தரும் பச்சை மூடியிலும் நிறத்தைப் பார்க்காமல் வாஷரைப் பாருங்கள். மாதம் ஒருமுறை காற்றழுத்தம் பார்க்கும்போது மரையைத் துணியால் துடைத்துவிடுங்கள். என் வண்டியிலும் ஒரு மூடி இறுகியிருந்தது. துருநீக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுதும் ஊறவைத்து, தண்டின் அடியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகியதும் கழன்றது. செம்பூர் நண்பரே, மற்ற மூன்று டயர்களிலும் அதே மூடிகள்தாமே இருக்கும்?

செம்பூர்வாசி:
ஆம் ஐயா. இரண்டு மூடிகள் வெறும் கையாலேயே கழன்றுவிட்டன. பின்பக்க வலதில் மட்டும் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.