ஒரே பேப்பர், ரெண்டு வாத்தியார்: உங்க காலேஜ்ல என்ன ஆச்சு?

மெக்_பழசு:
அண்ணா யூனிவர்சிட்டி 2013 ரெகுலேஷன், தேர்டு செம், எம்3 மேத்ஸ் பேப்பர் டிபிடிஇ (டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்). பேரைக் கேட்டாலே இங்க பாதிப் பேருக்கு வயிறு கலங்கும். எங்க ஏ செக்‌ஷன் சார் நோட்ஸைப் போர்டுல எழுதுவார், துடைப்பார், திரும்பிக்கூடப் பார்க்காம போயிடுவார். ஒருநாள் அவர் லீவு, பி செக்‌ஷன் மேடம் வந்தாங்க. ஃபோரியர் சீரிஸ். மைனஸ் பையிலிருந்து பை வரைக்கும் எக்ஸ் ஸ்கொயருக்கு பி என், அதாவது சைன் டெர்ம்களோட கோஎஃபிஷியன்ட், கண்டுபிடிக்க நான் பக்கம் பக்கமா இன்டகிரேட் பண்ணிட்டிருந்தேன். என் நோட்டுலயே ஒரு தாளைக் கிழிச்சு, கிராஃபைப் போட்டு, ஒய் அச்சுல மடிச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சாங்க. ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணுமேல ஒண்ணு. "ஈவன் ஃபங்ஷன்ப்பா, பி என் ஜீரோ. எதுக்கு இந்த வெட்டி வேலை?" ரிசல்ட்ல எங்க செக்‌ஷன்ல பாதிக்கு மேல அரியர். பி செக்‌ஷன்ல விரல் விட்டு எண்ணிடலாம்.

கட்ஆஃப்_கணக்கு:
கட்ஆஃப் பார்த்து செக்‌ஷன் பிரிச்சிருப்பாங்க. நல்லா படிக்கிறவன் எல்லாம் பி-ல இருந்திருப்பான். எங்க காலேஜ்லயும் இதே கதைதான். சும்மா வாத்தியார் மேல பழி போடாதீங்க.

மெக்_பழசு:
ரோல் நம்பர் ஒத்தைப்படை ஏ, ரெட்டைப்படை பி. கட்ஆஃப் எங்க வந்துச்சு?

ஸ்டாஃப்ரூம்:
நான் பாடம் நடத்துற ஆள். பாஸ் பர்சன்டேஜை மட்டும் வச்சு அளக்காதீங்க. எங்க டிபார்ட்மென்ட்டுக்கு மேத்ஸ் எடுத்த சார் ஒருத்தர் யூனிட்டுக்கு நாலு 'இம்பார்ட்டன்ட்' கொடுப்பார். ரிசல்ட் டாப், ஃபீட்பேக்கும் டாப். அதே பசங்க அப்புறம் என்கிட்ட ஹீட் டிரான்ஸ்ஃபருக்கு வந்தாங்க. போர்டுல ஒரு பார்ஷியல் டெரிவேட்டிவ் எழுதினேன். முன் பெஞ்சுப் பையன், "சார், அது எம்3, அதைத்தான் அப்பவே முடிச்சிட்டோமே"ன்னான்.
அமெரிக்க விமானப்படை அகாடமியில பத்தாயிரத்துக்கு மேல மாணவர்களை வச்சு கேரல், வெஸ்ட்னு ரெண்டு பேர் 2010ல ஆய்வு போட்டாங்க. அங்க எந்த வாத்தியார்ங்கிறதை மாணவன் தேர்ந்தெடுக்க முடியாது, பரீட்சையும் பொது. கால்குலஸ்ல நல்ல மார்க் வாங்கிக் கொடுத்து, நல்ல ஃபீட்பேக்கும் வாங்கின வாத்தியார்களோட பசங்கதான் அடுத்தடுத்த பாடங்கள்ல சறுக்கினாங்க. அனுபவம் உள்ளவங்ககிட்ட படிச்சவங்களுக்கு அப்ப மார்க் கம்மி, பின்னாடி ஏறிடுச்சு.

டியூஷன்_அண்ணன்:
எங்க சாரும் போர்டைப் பார்த்தே பேசுவார், அதை விடுங்க. இப்ப படிக்கிற தம்பிங்க கேளுங்க. ஐஐடி வாத்தியாருங்க பாடம் எடுக்கிற என்பிடெல் வீடியோவை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டா படிச்சதா ஆகாது. பாதியில நிறுத்து, அடுத்த வரியை நீயே எழுது, அப்புறம் ஓடவிடு. இன்டகிரேஷனுக்கான பெர்னோலி ஃபார்முலாவைக் கை பழகுற வரைக்கும் போடு. காஸ் என் பை வந்தா மைனஸ் ஒன் பவர் என், தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும். பழைய கொஸ்டின் பேப்பரை விடை பார்க்காம போடு. கடைசி வாரம் ஜெராக்ஸ் கடையில நிக்காதே.

கட்ஆஃப்_கணக்கு:
யாருண்ணே இங்க டிப்ஸ் கேட்டா? மெக் தம்பி, ரோல் நம்பர் சரி, ஒத்துக்கிறேன். அந்த ஏ செக்‌ஷன் சாருக்கு அந்த செம் எத்தனை சப்ஜெக்ட் கொடுத்திருந்தாங்க? எங்க காலேஜ்ல மூணு சப்ஜெக்ட் எடுக்கிறவரையே அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கவும் ஊர் ஊரா அனுப்புவாங்க.