இருபடிச் சமன்பாடு: பெருக்கினால் −20, கூட்டினால் −7, எண்ணே அமையவில்லை

கணக்கில்_சிக்கியவள்: அவசரம், காலையில் தேர்வு. காரணிப்படுத்தித் தீர்க்க வேண்டும். பெருக்கினால் −20, கூட்டினால் −7 வருகிற இரண்டு எண்கள் தேவை. 1, 20 போட்டேன். 2, 10 போட்டேன். 4, 5 போட்டேன். குறியை மாற்றிப் போட்டும் வரவில்லை. கணக்கே தப்பா?

மாறிலி: கணக்கை அப்படியே போடுங்களேன். பாதியை வைத்து என்ன சொல்வது?

சூத்திரதாரி: முழு எண்ணில் அமையாது. இருபடிச் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வருவது (−7)² − 4 × (−20) = 49 + 80 = 129, முழு வர்க்கம் இல்லை. பேசாமல் சூத்திரத்தில் போடுங்கள். நான் காரணிப்படுத்துவதே இல்லை.

அரைத்தூக்கம்: வர்க்க உறுப்புக்கு முன்னால் ஏதாவது எண் இருக்கிறதா?

கணக்குப்புலி: தினமும் இதே கேள்வி. மேலே தேடல் பெட்டி அலங்காரத்துக்கு வைத்ததில்லை.

கணக்கில்_சிக்கியவள்: 6ய² − 7ய = 20. (எக்ஸ் தட்ட வரவில்லை, ய என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 20ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்துதான் −20. அந்த 6 முக்கியமா?

அரைத்தூக்கம்: அந்த 6தான் விஷயமே! 6 × (−20) = −120. பெருக்கினால் −120, கூட்டினால் −7 வர வேண்டும். 120க்கு 7 வித்தியாசத்தில் உள்ள ஜோடி 8, 15. பெரியதற்குக் கழித்தல் குறி.
6ய² − 15ய + 8ய − 20 = 0
3ய(2ய − 5) + 4(2ய − 5) = 0
(2ய − 5)(3ய + 4) = 0
அப்புறம் ஒவ்வொன்றையும் பூஜ்ஜியத்துக்குச் சமன் செய்யுங்கள்.

சூத்திரதாரி: 6 இருந்தால் 49 + 480 = 529 = 23². ய = (7 ± 23)/12. முடிந்தது. இதற்குப் போய் ஜோடி தேடுவானேன்?

மாறிலி: வினாவில் ‘காரணிப்படுத்தி’ என்று இருக்கிறதே. சூத்திரம் போட்டால் மதிப்பெண் போய்விடும்.

கணக்குப்புலி: −120 ஏன் என்று ஒருவராவது சொன்னீர்களா? மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறீர்கள். சமன்பாடு முழுவதையும் 6ஆல் பெருக்குங்கள்: (6ய)² − 7(6ய) − 120 = 0. 6ய = ம என்றால் ம² − 7ம − 120 = 0, அதாவது (ம − 15)(ம + 8) = 0. கடைசியில் 6ஆல் வகுத்துவிடுங்கள்.

சூத்திரதாரி: விடிந்தால் தேர்வு எழுதப் போகிறவருக்கு இப்போது இது தேவையா?

கணக்குப்புலி: காரணம் தெரிந்தால் மறக்காது. உங்கள் சூத்திரமும் வானத்திலிருந்து விழவில்லை, வர்க்கப் பூர்த்தி செய்து வந்ததுதான்.

புதுவரவு: நடுவில் ஒரு சந்தேகம். ய(6ய − 7) = 20 என்று எடுத்து, ய = 20, 6ய − 7 = 20 என்று பிரிக்கலாமா?

மாறிலி: கூடாது. பெருக்கற்பலன் பூஜ்ஜியம் என்றால்தான் ஒன்றாவது பூஜ்ஜியம் என்று அடித்துச் சொல்லலாம். 20 என்றால் 4 × 5ஆக இருக்கலாம், 40 × ½ஆகவும் இருக்கலாம். எதைப் பிடிப்பீர்கள்?

கணக்கில்_சிக்கியவள்: வந்துவிட்டது, 5/2, −4/3. நன்றி. ஆனால் விடைப்பக்கத்தில் 5/2 மட்டும்தான் இருக்கிறது??

அரைத்தூக்கம்: −4/3ஐப் போட்டால் 32/3 + 28/3 = 20, சரியாகத்தான் வருகிறது. ய என்பது நீளமா, வயதா? வாக்கியக் கணக்கு என்றால் எதிர்மறை விடையை விட்டிருப்பார்கள். வினாவை முழுதாகப் போடுங்கள்.

மாறிலி: ஆளைக் காணோம், தூங்கியிருப்பார்.

சூத்திரதாரி: போகிற போக்கில் ஒன்று: முதலில் கொடுத்த எண்களுக்கு என் 129 சரிதான்.