விழுங்கப்பட்ட ஹெச்

சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் வில்லங்கம் பார்த்துப் பழகிய துணிச்சலில்தான், இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த என் மருமகளின் முன்னோரைத் தேடித் தருவதாக ஒப்புக்கொண்டேன். 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிளாக்பர்ன் நகரில், 42 வயது விசைத்தறி நெசவாளர், மனைவி, ஐந்து குழந்தைகள் என அக்குடும்பம் உடனே அகப்பட்டது. 1871இலும் இருந்தார்கள். 1861இல் காணவில்லை.

இரண்டு வாரம் வீணாயிற்று. பிறகு ஒருநாள் சம்பந்தியம்மா தம் குடும்பப் பெயரைச் சொல்லக் கேட்டபோதுதான் பொறி தட்டியது: அப்பகுதிப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் ஹெச் ஒலி பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடும். கணக்கெடுப்புத் தாளை வீட்டுத் தலைவர் நிரப்ப வேண்டும். எழுதத் தெரியாத வீட்டில் கணக்கெடுப்பாளர் காதில் விழுந்ததை எழுதிக்கொள்வார். ஹெச்சை நீக்கித் தேடினேன்; அதே தெருவில் இருந்தார்கள். பட்டாக்களில் ழகரமும் ளகரமும் இடம் மாறியதை ஆயிரம் முறை பார்த்த எனக்கு இது முன்பே தோன்றாதது வெட்கமாகத்தான் இருந்தது.

அதற்கு முந்தைய 1851இன் பதிவு, அந்த விசைத்தறி நெசவாளர் பிறந்த ஊர் அருகிலுள்ள மெல்லர் என்றும், தந்தை கைத்தறி நெசவாளர் என்றும் காட்டியது. 1841இன் பதிவோ, பதினைந்து வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும் முறையில் அமைந்ததால், தந்தைக்கு 30 என்றிருப்பதை 30 முதல் 34 வரை எப்படி வேண்டுமானாலும் கொள்ளலாம்; பிறந்த ஊரும் அதில் இராது, அதே மாவட்டமா இல்லையா என்பது மட்டுமே. மெல்லர் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த ஆண்டான 1839ஐ ஒட்டித் தேடியதில் பயனில்லை. தம்பி தங்கையுடன் ஒரே நாளில், 1843இல்தான், அவருக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் தந்தையின் தொழிலுக்கென ஒரு கட்டம் உண்டு. அங்கே 'நெசவாளர்' என்றிருந்தது.

மகனின் 1860ஆம் ஆண்டுத் திருமணப் பதிவில் அதே தந்தை 'கூலித் தொழிலாளி' ஆகிவிட்டார். தறி எந்த ஆண்டு நின்றது என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை. அப்பக்கத்தின் அடியில் கையொப்பத்துக்குப் பதிலாக மணமக்கள் இருவரும் பெருக்கல் குறி இட்டிருந்தார்கள். மருமகள் அதைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள். பெண்ணின் குறி ஆணுடையதைவிட நேராக இருந்தது.