மறு: பிரெட்போர்டுக்குத் தமிழ் – செருகுபலகை எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். எங்களுக்கு இந்தச் சொல் உடனே தேவைப்படுகிறது. வடசென்னையில், தண்டையார்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சின்னச் சின்னக் கருவிகள் செய்கிறோம். மெட்ரோ வாட்டர் வரும்போது சம்ப் (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) நிறைந்தால் கத்தும் மணி, மாடியில் காயும் கருவாட்டின் மேல் தூறல் விழுந்தால் கூப்பிடும் மணி, இருட்டினால் தானே எரியும் விளக்கு, இப்படி. இதற்கெல்லாம் தமிழில் ஒரு கையேடு அச்சிடப் போகிறோம். அதன் முதல் பக்கத்திலேயே பிரெட்போர்டு வந்துவிடுகிறது. மின்னணு உதிரிகளை ஓட்டைகளில் செருகியே மின்சுற்றைக் கட்டிப் பார்க்கும் பலகை அது.

> பிரெட்போர்டை ரொட்டிப் பலகை என்றே சொல்லிவிடலாமே? மூலச்சொல்லின் வரலாறும் அதில் நிற்கும்.

ஐயா, அந்த வரலாறு எனக்கும் பிடித்ததுதான். வானொலி புதிதாக வந்த காலத்தில் அமெரிக்காவில் வீட்டிலேயே ரேடியோ கட்டியவர்கள், ரொட்டி நறுக்கும் மரப்பலகையில் ஆணி அடித்து, திருகு முடுக்கி, அவற்றில் கம்பியைச் சுற்றி மின்சுற்றுகளை அமைத்தார்கள். இன்று நாம் வாங்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை 1970களில் வந்தது. ஆணி போய்விட்டது, பேர் மட்டும் தங்கிவிட்டது. அவர்கள் அடுக்களையில் கிடந்த பொருள் அவர்கள் மொழிக்குப் பேர் கொடுத்தது, சரி. நம் அடுக்களையில் அந்தப் பலகை இருந்ததே இல்லை. வண்ணாரப்பேட்டைப் பையனிடம் ரொட்டிப் பலகையை எடுத்து வா என்றால் அவன் சப்பாத்திக் கட்டையைத்தான் தேடுவான்.

> மின்பலகை? சுருக்கமாக இருக்கிறது.

இதை நான் உறுதியாக மறுக்கிறேன் தம்பி. நம் வீடுகளில் மின்சாரம், பலகை என்ற இரண்டும் சேர்ந்தால் சுவரில் இருக்கும் சுவிட்ச் போர்டுதான் நினைவுக்கு வரும். அதில் ஓடுவது 230 வோல்ட். பிரெட்போர்டில் 9 வோல்ட் பேட்டரியோ, பழைய செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டோதான் ஓட வேண்டும். ஓர் ஆம்பியருக்கு மேல் போனாலே உள்ளே இருக்கும் மெல்லிய பிடிகள் சூடாகிவிடும். இந்த இரண்டையும் பத்து வயதுப் பிள்ளை ஒன்றாக நினைக்கும்படி ஒரு பெயரை வைக்கவே கூடாது. சுருக்கம் நல்லதுதான், ஆனால் இந்த இடத்தில் அது ஆபத்து.

> வெள்ளோட்டப் பலகை என்று பாருங்கள். தேருக்கும் படகுக்கும் வெள்ளோட்டம் விடுகிறோம் அல்லவா?

திருவொற்றியூர் அக்கா எழுதிய இந்த மடலை நான் பலமுறை படித்தேன். அழகான சொல். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளோட்டம் என்றால் விளக்கவே வேண்டாம். ஆனாலும் ஓர் இடத்தில் இடிக்கிறது. வெள்ளோட்டம் விடுவது கட்டி முடித்த பொருளுக்கு. தச்சர் வேலையை முடித்து, சக்கரம் மாட்டி, எல்லாம் கூடிய பிறகுதான் தேர் வெள்ளோட்டம். பிரெட்போர்டில் நடப்பது அதற்கு முந்தைய வேலை. என்ன செய்யப் போகிறோம் என்று பாதிதான் தெரியும். ஒரு ரெசிஸ்டரை (மின்தடையை) மாற்றிப் பார்ப்போம், எல்.இ.டி. விளக்கைத் திருப்பிப் போடுவோம், பிடுங்குவோம், மறுபடி வைப்போம். செய்து முடித்த கருவியை முதன்முறை சம்பில் இறக்கிப் பார்க்கும் நாளுக்கு வெள்ளோட்டம் என்ற சொல்லைக் கையேட்டில் வைத்துக்கொள்கிறோம் அக்கா. அங்கே அது கச்சிதமாக உட்காருகிறது.

இனி என் பரிந்துரை: செருகுபலகை.

இதற்குக் காரணம் எங்கள் பக்கத்துப் பட்டறைகள். மோட்டார் கடைக்காரர் 'காயில் கட்டுகிறேன்' என்பார். சைக்கிள் கடையில் 'பஞ்சர் ஒட்டுவார்கள்'. ரேடியோ மெக்கானிக் சால்டரிங் செய்வதை 'ஈயம் வைப்பது' என்பார். லேத் பட்டறையில் 'கடைசல் பிடிப்பார்கள்'. காயிலும் பஞ்சரும் லேத்தும் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் கட்டுவதும் ஒட்டுவதும் வைப்பதும் கடைவதும் தமிழாகவே இருக்கின்றன. பெயரைக் கடன் வாங்கிய இடத்திலும் வினையை யாரும் கடன் வாங்கவில்லை. கைவேலைக்கான கலைச்சொல்லைப் பெயரில் தேடுவதை விட வினையில் தேடினால் அது நிலைக்கும் என்று நான் நம்புகிறேன். கடைசலைப் பாருங்கள், கடைதல் என்ற வினையிலிருந்தே ஒரு தொழிலின் பெயர் வந்து, பட்டறைப் பேச்சில் நிலைத்துவிட்டது.

பிரெட்போர்டில் கை செய்யும் வேலை ஒன்றே ஒன்று, செருகுவது. ஈயம் வேண்டாம், திருகு வேண்டாம், சூடு வேண்டாம். இலக்கணமும் நமக்குத் துணை நிற்கிறது. ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை. செருகிய பலகை, செருகுகின்ற பலகை, செருகும் பலகை என மூன்று காலமும் உள்ளே அடங்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே 'செருகுப்பலகை' என்று எழுத வேண்டாம், 'செருகுபலகை' போதும்.

> செருகுநிரல் (பிளகின்) என்று மென்பொருளில் ஏற்கெனவே இருக்கிறதே, குழப்பம் வராதா?

வராது என்றே நினைக்கிறேன். அங்கே நிரல், இங்கே பலகை. இரண்டிலும், ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் உள்ளே இன்னொன்றை நுழைக்கிறோம். ஒரே வினை இரண்டு துறையில் ஒரே பொருளில் வருவது பலம்தான்.

செருகா, சொருகா என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பக்கம் பேச்சில் சொருகுதான். கொசுவத்தைச் சொருகுவார்கள், பூவைச் சொருகுவார்கள். அகராதியில் இரண்டும் உண்டு. அச்சில் செருகுபலகை, வாயில் சொருகுபலகை என்று இரண்டும் நடமாடட்டும். பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் சொன்னால் அதைத் திருத்தப் போவதில்லை.

அப்புறம், பலகையின் உறுப்புகள். இங்கேதான் குழுமத்தின் உதவி அதிகம் வேண்டும்.

முதலில் ஓட்டை. துளை என்று எழுதியிருந்தோம். எங்களோடு வரும் ஒரு காசிமேட்டுச் சிறுமி அதைக் கண் என்றே சொல்கிறாள். அவள் வீட்டில் வலை பின்னுகிறார்கள். வலைக்கண் அவளுக்குப் பழகிய சொல். துளை என்றால் துளைத்து உண்டானது, கண் என்றால் வரிசையாக, அளவாக அமைந்தது. பலகையில் ஒரு கண்ணுக்கும் அடுத்த கண்ணுக்கும் 2.54 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. அடுத்தடுத்த கண்களை எங்கே அளந்தாலும் பெரும்பாலும் அதே இடைவெளி. அதனால் எனக்குக் கண் என்பதே பொருத்தமாகப் படுகிறது.

ஐந்து கண்கள் சேர்ந்தது ஒரு வரிசை. பலகையின் அடியில் அந்த ஐந்துக்கும் பொதுவாக ஓர் உலோகப் பிடி இருக்கிறது. ஒரே வரிசையில் எதைச் செருகினாலும் அவை ஒன்றோடொன்று இணைந்துவிடும். பிள்ளைகளுக்கு இது புரியும் கணத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சம்ப் மணிக்கு பி.சி.547 டிரான்சிஸ்டர் போடுகிறோம். அதற்கு மூன்று கால். புதிதாக வரும் பிள்ளை மூன்றையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்துச் செருகும். பார்க்க ஒழுங்காக இருக்கும், மணி மட்டும் ஒழுங்காக வேலை செய்யாது. பலகையைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் தாளைக் கொஞ்சம் உரித்து, பளபளக்கும் பிடியைக் காட்டினால் போதும். தானே ஒவ்வொரு காலையும் வேறு வேறு வரிசைக்கு மாற்றிவிடும். பிறகு இரண்டு செம்புக் கம்பியைத் தண்ணீர்க் குவளையில் விட்டதும் மணி கத்தும். ஐ.சி.யின் (பல உதிரிகளை உள்ளடக்கிய சில்லின்) காலுக்கும் டிரான்சிஸ்டரின் காலுக்கும் 'கால்' என்ற சொல்லைத் தேட வேண்டிய தேவையே இல்லை, எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நடுவில் ஓடும் பள்ளத்துக்கு வாய்க்கால் என்று எழுதியிருக்கிறோம். 555 போன்ற ஐ.சி. அதன் இரு கரையிலும் கால் வைத்து நிற்கும். இடக்கரை வரிசைக்கும் வலக்கரை வரிசைக்கும் தொடர்பு இல்லை என்பதைக் கரை என்ற சொல்லே சொல்லிவிடுகிறது.

ஒரு கண்ணையும் இன்னொரு கண்ணையும் இணைக்கும் ஜம்பர் ஒயருக்குச் செருகுகம்பி. இதையும் வினையிலிருந்தே எடுத்தோம். இந்தக் கம்பிக்காகத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம் என்பதைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுகிறோம். காயலான் கடையில் கிடைக்கும் பழைய இன்டர்நெட் கேபிள் துண்டை உரித்தால் எட்டு நிறத்தில் கம்பி வரும். ஒற்றைக் கம்பியாக, அரை மில்லிமீட்டர் தடிமனில் இருப்பது கண்ணுக்குள் நேராக இறங்கும். பல நூல் முறுக்கிய கம்பி என்றால் நுனி மடங்கிக்கொள்ளும், அதை வாங்க வேண்டாம். பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கிய உதிரியாக இருந்தால் காலில் ஒட்டிய ஈயத்தைச் சுரண்டிவிட்டுத்தான் செருக வேண்டும். இல்லாவிட்டால் தடித்த கால் பிடியை விரித்துவிடும். அப்புறம் அந்தக் கண் எதையும் இறுக்கிப் பிடிக்காது.

இன்னும் முடிவாகாத ஒன்று, பலகையின் ஓரங்களில் நீளவாக்கில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டிருக்கும் பகுதி. பேட்டரியின் இரு முனைகளையும் அங்கேதான் கொடுக்கிறோம். ஆங்கிலத்தில் தண்டவாளத்தின் பெயரால் ரெயில் (rail) என்கிறார்கள். பெரம்பூர்ப் பிள்ளைகள் தண்டவாளம் என்றே எழுதலாம் என்கிறார்கள், ரயில் பெட்டி செய்யும் ஊர் அல்லவா. எனக்கு மின்தடம் என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு தடை இருக்கிறது. சில பலகைகளில் அந்தக் கோடு நடுவில் அறுந்திருக்கும், மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் தொடர்பு இருக்காது. தடம் என்றால் ஒரே தொடர்ச்சி என்று பிள்ளை எண்ணிக்கொள்ளுமோ என்று யோசிக்கிறேன். ஊட்டுவரி என்று இன்னொன்றும் மனதில் இருக்கிறது. மின்சாரத்தை ஊட்டும் வரி, அதுவும் வினைத்தொகை. ஆனால் வரி என்றதும் வீட்டு வரியை நினைப்பார்களோ?

கையேடு அச்சுக்குப் போவதற்குள் இந்த ஒன்றுக்கு மட்டும் உங்கள் கருத்து வேண்டும். மின்தடம், ஊட்டுவரி, அல்லது வேறு நல்ல சொல். செருகுபலகைக்கு மறுப்பு இருந்தாலும் காரணத்தோடு எழுதுங்கள், எங்கள் பிள்ளைகளிடமும் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து