சைகை மொழிபெயர்ப்பாளர் ஆக சேலத்தில் எங்கிருந்து தொடங்குவது?

நாகலூர்க்காரி:

வணக்கம். எனக்கு ஊர் ஏற்காடு பக்கம் நாகலூர். பி.காம். முடித்துவிட்டு சேலம் ஐந்து ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். துணி மடிக்கிற இடத்தில் காது கேளாத அக்காக்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவர்களோடு உட்கார்ந்தே கொஞ்சம் சைகை வந்துவிட்டது. இப்போது கஸ்டமர் யாராவது அவர்களிடம் கேள்வி கேட்டால் உடனே என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஆசை. யூடியூபில் ஒருவர் ஒரு கையால் ஏ, பி, சி, டி காட்டுகிறார், இன்னொருவர் இரண்டு கையால் காட்டுகிறார். எதைப் படிப்பது? இதற்கென்று படிப்பு இருக்கிறதா? இங்கிலீஷ் நன்றாக வர வேண்டுமா? வருமானம் எப்படி? கடைசிக் கேள்வி எங்கள் அப்பாவுடையது.

அடிவாரம்:

இரண்டு கைதான் நம்முடையது. ஒரு கை எழுத்து அமெரிக்கச் சைகை மொழி. இந்திய சைகை மொழி அகராதி யூடியூபில் இலவசமாகவே இருக்கிறது, 10,000 சொல்லுக்கு மேல். தினம் பத்துப் பதினைந்து பார்த்துக்கொண்டே வாருங்கள், ஒரு வருடத்தில் வேலைக்குப் போய்விடலாம்.

பட்டறைக்காரர் மகள்:

தங்கச்சி, அகராதி நல்லதுதான். டெல்லியில் இருக்கிற இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2018-ல் 3,000 சொல்லோடு வெளியிட்டு, 2021-ல் 10,000 வரை கொண்டுவந்தது. சந்தேகம் வந்தால் நானும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் அகராதியை மனப்பாடம் செய்து மொழிபெயர்ப்பாளர் ஆன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. அப்பாவுக்கு செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. இரண்டு கையும் வேலையில் மாட்டியிருக்கும். அதனால் பாதிப் பேச்சைப் புருவத்திலும் உதட்டிலும் தோளிலுமே முடித்துவிடுவார். புருவம் ஏறினால் "சாப்பிட்டாயா?", அதே முகம் சாதாரணமாக இருந்தால் "சாப்பிட்டாய்". கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே தெரியும். நீங்கள் முதலில் பழக வேண்டியது முகம் பார்க்க. பேசுகிறவர் முகத்தில் கண்ணை வைத்து, கையை ஓரக்கண்ணில் பிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் விரலையே முறைத்துப் பார்ப்பார்கள்.

எழுத்து வரிசை ஒரு வாரச் சமாச்சாரம். இடது கை விரல் நுனிகளை வலது ஆள்காட்டி விரலால் தொட்டால் ஐந்து உயிரெழுத்தும் முடிந்தது: கட்டைவிரல் ஏ, ஆள்காட்டி ஈ, நடுவிரல் ஐ, மோதிரவிரல் ஓ, சுண்டுவிரல் யூ. பெயர், ஊர், மருந்துப் பெயர், இவற்றுக்கு உதவும். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

வாக்கிய அமைப்பு நமக்கு இங்கிலீஷ்காரர்களைவிட எளிது. கேள்விச் சொல் கடைசியில் வரும், "இல்லை", "வேண்டாம்" எல்லாமும் கடைசியில். நேரம் முதலிலேயே வந்துவிடும். "நேற்று, நான், ஏற்காடு, போகவில்லை" என்கிற வரிசையில் காட்டினால் காட்டியதுதான். ஊர்ப் பெயர்களுக்கு மட்டும் வீடியோவை நம்பாதீர்கள். ஏற்காட்டுக்கும் அஸ்தம்பட்டிக்கும் இங்கே என்ன சைகை என்று உங்கள் கடை அக்காக்களையே கேளுங்கள்.

இப்போது யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். இந்த வேலையில் பாதி, வாய். காது கேளாதவர் சைகையில் சொல்வதை நீங்கள் சத்தமாகத் தமிழில் சொல்ல வேண்டும், அதுவும் அவராகவே சொல்ல வேண்டும். ரேஷன் கார்டு விஷயமாக ஒரு பெரியவரோடு போனேன். "என் சம்சாரம் பெயரைச் சேர்க்கணும்" என்று நான் சொன்னதும் கிளார்க் தலையைத் தூக்கி என்னையும் என் சேலையையும் பார்த்தார். பார்க்கட்டும். "இவர் சம்சாரம் பெயரைச் சேர்க்கணுமாம்" என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்திலிருந்து கிளார்க் என்னோடுதான் பேசியிருப்பார், பெரியவர் பக்கத்தில் பொம்மையாக நின்றிருப்பார்.

மரியாதையும் உங்கள் தலையில்தான் விழும். எதிரில் இருப்பவரைச் சுட்டினால் அது "நீ"யா "நீங்கள்"ஆ என்று விரல் சொல்லாது. அவர் முகமும் உடம்பும் சொல்லும், தமிழில் எதைப் போடுவது என்று நீங்கள் அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். அவர் கோபமாகத் திட்டினால் நீங்களும் திட்டத்தான் வேண்டும். "கொஞ்சம் வருத்தப்படுகிறார் சார்" என்று மெழுகிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எனவே தமிழை நன்றாகப் பேசப் பழகுங்கள்: அலுவலகத் தமிழ், ஆஸ்பத்திரித் தமிழ், பட்டறைத் தமிழ் எல்லாம்.

ஆஸ்பத்திரி என்றதும் ஒன்று. "எப்போதிருந்து வலி?" என்று டாக்டர் கேட்பார். பதிலாக ஒரு கதையே வரும்: காலையில் குழாயடி, குடம் தூக்கினேன், இங்கே சுருக்கென்றது, வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் கையசைவிலேயே வாயைத் திறந்தால் கதை தப்பாகப் போகும். கொஞ்சம் பொறுத்து, பொருள் கூடி வந்ததும் பேச வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்குவதுதான் பயிற்சி. டாக்டருக்கும் பொறுமை இருக்காது, கூட வந்த மச்சானுக்கும் இருக்காது.

படிப்பு: இந்திய சைகை மொழி மொழிபெயர்ப்பு டிப்ளமோ, இரண்டு வருடம், பிளஸ் டூ போதும். இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்தது. முடித்ததும் மன்றத்தில் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள், கோர்ட், அரசு வேலை என்றால் கேட்பார்கள். நமக்குப் பக்கம் என்றால் கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனம். இந்த வருடம் சேர்க்கை எப்போது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். இங்கிலீஷ் பேச வராவிட்டால் பரவாயில்லை, நோட்ஸ் படித்துப் புரிந்துகொள்கிற அளவு வேண்டும்.

அப்பாவுக்குப் பதில்: சேலத்தில் மட்டும் இதை வைத்துக் குடும்பம் நடத்துவது கஷ்டம். பள்ளி, கல்லூரி வேலை கிடைத்தால் மாதச் சம்பளம். மற்றபடி நாள் கணக்கு, மணிக் கணக்கு. வீடியோ கால் வேலை இருப்பதால் இப்போது கொஞ்சம் தேவலை. கோர்ட்டிலும் தேவை இருக்கிறது. பேச முடியாத சாட்சி சைகையில் சொன்னால், மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வைத்துப் பதிவு செய்து வீடியோவும் எடுக்க வேண்டும் என்று புது சாட்சியச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு சொல்கிறது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரோடு ஆஜரானார். இதை அப்பாவிடம் காட்டுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

எனக்குக் காது கேட்காது. நானும் ஒரு வார்த்தை சொல்லலாமா.

ஒரு வங்கிக்கு லோன் விஷயமாகப் போனேன். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் மேனேஜரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார், இருவரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்றார். லோன் என்னுடையது, கையெழுத்து என்னுடையது. இந்த "அப்புறம்" எங்களுக்குப் புதிதில்லை. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், டிவி முன்னால், எல்லா இடத்திலும் எங்கள் வீட்டு ஆட்களே சொல்வதுதான். காசு கொடுத்துக் கூட்டிப்போகிறவரும் அதையே சொன்னால் எதற்கு அவர்?

அறையில் என்ன பேசினாலும் எனக்கு வர வேண்டும். போன் மணி அடித்தால் அடித்தது என்று வர வேண்டும். என்னைப் பற்றிக் கேலி பேசினால் அதுவும் வர வேண்டும். புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள், நிறுத்தித் திரும்பக் கேளுங்கள். எங்களுக்கு அதில் கோபம் வராது. தலையாட்டினால்தான் வரும்.

உங்களுக்கு ஒரு பெயர்ச் சைகை வேண்டும். நீங்களாக வைத்துக்கொள்ளாதீர்கள், கடை அக்காக்கள் வைப்பார்கள்.

பட்டறைக்காரர் மகள்:

அண்ணா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. சின்னச் சின்ன விஷயம் மட்டும் விட்டுப்போனது: உங்கள் தோல் நிறத்துக்கு எதிரான நிறத்தில், பூப்போடாத, கோடு போடாத உடை. கை நிறைய வளையல் வேண்டாம். ஜன்னலுக்கு முன்னால் நிற்காதீர்கள், பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். மேடைக் கூட்டம் என்றால் தனியாக ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு பேர் இருபது, முப்பது நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூளை களைத்து, நமக்கே தெரியாமல் பாதியை விட்டுவிடுவோம். ஏற்பாடு செய்கிறவர்கள் "ஒருத்தர் போதாதா" என்று பேரம் பேசுவார்கள். பேசட்டும்.

நாகலூர்க்காரி:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. கடையில் கஸ்டமர் கூப்பிடும்போது நான் பாதி நேரம் அக்காக்களைக் கேட்காமல் நானே பதில் சொல்லிவிடுகிறேன், அதுவும் தப்பா? அப்புறம், அடுத்த தடவை நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நானும் கூட வந்து பார்க்கலாமா?

பட்டறைக்காரர் மகள்:

விலை கேட்டால் நீங்கள் சொல்லுங்கள், நீங்களும் கடை ஆள்தானே. அக்காவிடம் கேட்ட கேள்வி என்றால் அக்காவிடம் கொடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாது. அங்கே கேட்டதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்வதில்லை. கோர்ட், போலீஸ் ஸ்டேஷனும் அப்படித்தான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு வாருங்கள். காது கேளாதவர்கள் மனுவோடு வருவார்கள், வெளியே மரத்தடியில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். அனுமதி கேட்டுவிட்டு அவர்களோடு நில்லுங்கள். செவ்வாய்ப்பேட்டை அண்ணா வருகிற திங்கள் வருவதாக இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள், இந்தப் பெண் கடையில் முன்கூட்டியே லீவு சொல்ல வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

வருகிறேன். பத்து மணி, மெயின் கேட்.